பழைய லோரிக்கு மாற்று டீசல் தொட்டி



தோட்ட வேலையை விட்டு வந்தவர்களில் சிலர் இன்று சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களில் சொந்தமாக ஒரு பழைய லோரி வைத்துப் பிழைக்கிறார்கள். தோட்டம் கைமாறியபோது கிடைத்த இழப்பீடு, ஊழியர் சேம நிதியிலிருந்து எடுத்த பணம், மனைவியின் நகையை அடகு வைத்த பணம் எல்லாம் சேர்ந்து வாசலில் ஒரு ஹினோவாகவோ இசுசுவாகவோ நிற்கிறது. அது செம்பனைக் குலை ஏற்றும், உரமூட்டை ஏற்றும், சில நாள் மணலும் ஏற்றும். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அந்த லோரியில் எஞ்சினைப் பார்ப்பவர் உண்டு, டயரைத் தட்டிப் பார்ப்பவர் உண்டு. பக்கவாட்டில் சேற்றோடு தொங்கும் டீசல் தொட்டியை மட்டும் ஒழுகத் தொடங்கும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்று அதைப் பற்றிப் பேசுவோம். லோரி ஓட்டுபவர் மட்டுமல்லாமல், வீட்டுக் கணக்கைப் பார்க்கும் தாய்மார்களும் இதைக் கேட்பது நல்லது.

முதலில் ஒழுக்கைப் பற்றிய கணக்கு. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் தொட்டியிலிருந்து ஒரு நாளில் 86,400 சொட்டுகள் விழும். சொட்டு சிறிதானாலும் அது ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஆகிவிடும். 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. அந்த விலையில் மாதம் 60 லிட்டர் என்றால் 201 வெள்ளி மண்ணில் போகிறது. அடியில் ஒரு வாளி வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கலாம். ஆனால் லோரி ஓடும்போதும் தொட்டி ஒழுகுகிறது. சாலை வளைவில் விழுந்த டீசலில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் சறுக்கினால், அந்தச் செலவை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

தொட்டி ஏன் ஓட்டையாகிறது? வெளியே கல் பட்டு ஓட்டையாவதைவிட, உள்ளேயிருந்து துரு தின்று ஓட்டையாவதே அதிகம். பகல் வெயிலில் தொட்டிக்குள் இருக்கும் காற்று சூடேறி வெளியேறுகிறது. இரவில் தொட்டி குளிரும்போது ஈரக்காற்று உள்ளே வந்து, தகட்டில் வியர்வைபோல் படிந்து வடிகிறது. மழையில் நின்ற டிரம்மிலிருந்து ஊற்றிய டீசலோடும், சரியாக மூடாத மூடி வழியாகவும் இன்னும் கொஞ்சம் நீர் சேர்கிறது. நீர் டீசலைவிடக் கனமானது. ஆகையால் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் வளர்கின்றன. ஃபில்டரைக் கழற்றும்போது கறுப்பாய் வழவழவென்று வருவது பெரும்பாலும் அவைதான். அவை கக்கும் அமிலம் இரும்பை இன்னும் வேகமாகத் தின்கிறது.

வெளிப்புறத்தில் தொட்டியைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையின் அடியைப் பாருங்கள். அங்கே சேறும் உரத்தூளும் புகுந்து காயாமல் கிடக்கும். உரம் உப்பு வகையைச் சேர்ந்தது. ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும். வெளியே சாயம் பளபளவென்று இருந்தாலும் பட்டைக்கு அடியில் தகடு காகிதமாகியிருக்கலாம்.

இந்தக் கதையில் நம் தோட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 20 விழுக்காட்டுக் கலவை 2020இல் நம் கெடாவைச் சேர்ந்த லங்காவித் தீவில் தொடங்கப்பட்டது. நாம் வெட்டிப் போடும் குலையின் எண்ணெய்தான் வேதி மாற்றம் பெற்று நம் லோரிக்கே திரும்பி வருகிறது. புகையைக் குறைப்பதில் அது நல்லது. ஆனால் சாதாரண டீசலைவிட அது அதிக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய தொட்டியில் பல ஆண்டுகளாகப் படிந்திருக்கும் அழுக்கைச் சவர்க்காரம்போலக் கரைத்துக் கிளப்பியும் விடும். பழைய லோரிகளில் ஃபில்டர் அடிக்கடி அடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டீசலைக் குறை சொல்வதற்குமுன் தொட்டியின் வயிற்றைப் பார்க்க வேண்டும்.

இனி, இந்தப் பேச்சில் நாம் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது. “அண்ணே, ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் போதும், இன்னும் இரண்டு வருசம் ஓடும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டீசல், பெட்ரோலைப்போல் சட்டென்று பற்றாது என்பது உண்மைதான். சாதாரண வெப்பத்தில் அதிலிருந்து எழும் ஆவி குறைவு; ஏறத்தாழ 55, 60 பாகைக்குமேல் சூடேறினால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கிளம்பும். அந்தத் துணிச்சலில்தான் பலர் தொட்டிமேல் நெருப்பை வைக்கிறார்கள். கேஸ் வெல்டிங் சுடரின் வெப்பமோ 3,000 பாகையைத் தாண்டும். சுடர் பட்ட இடத்தில் துருவுக்குள் ஊறியிருக்கும் டீசல் நொடியில் ஆவியாகிறது. மூடிய தொட்டிக்குள் ஆவியும் காற்றும் கலந்தால் அது வெடிகுண்டு. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டி ஆபத்தானது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வெடிப்பதற்குக் காற்று தேவை. காலித் தொட்டியில் அது நிறைய இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினோம், ஒரு மாதம் வெயிலில் காயவைத்தோம் என்பதெல்லாம் போதாது. துரு ஏட்டின் அடியில் எண்ணெய் மிஞ்சியே இருக்கும். நீராவியால் கழுவி, ஆவி இருக்கிறதா என்று கருவியால் சோதித்து, எரியாத வாயுவை நிரப்பி வேலை செய்யும் பட்டறைகள் உண்டு. வீட்டுப் பின்புறம் அத்தகைய பட்டறை அல்ல. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நிற்கும் இடம் அது. துரு தின்ற தொட்டியில் ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். அந்த ஆதாயத்துக்காக உயிரைப் பணயம் வைப்பது என்ன கணக்கு?

ஆகவே தொட்டியை மாற்றுவதுதான் வழி. எந்த அளவில் மாற்றுவது? பழைய அளவிலேயே என்பது எங்கள் கருத்து. தொட்டியை மாற்றுகிற கையோடு பெரியதாகப் போட்டுவிடலாம் என்ற ஆசை வரும். நம் மாநிலம் எல்லையில் இருப்பதை மறக்கக் கூடாது. தாய்லாந்தைவிட இங்கே டீசல் மலிவாக இருந்த காலங்களில், புக்கிட் காயு ஹித்தாம் போன்ற எல்லைப் பகுதிகளில் டீசல் கடத்தப்பட்டது. அதற்காகத் தொட்டியைப் பெரிதாக்கிய, மறைவாக இன்னொரு தொட்டி பொருத்திய வண்டிகளை அதிகாரிகள் தேடிப் பிடித்துவந்தார்கள். 1961ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், முதல் குற்றத்துக்கே ஒருவருக்குப் பத்து இலட்சம் வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ அல்லது இரண்டுமோ விதிக்க இடமுண்டு. கடத்தாதவனுக்கு என்ன பயம் என்று கேட்கலாம். லோரியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். சரக்கு லோரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அனுமதியில்லாத பெரிய தொட்டியோடு போய் நின்றால் பரிசோதனையில் தோற்கும். லோரி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் நிற்கும். பெரிய தொட்டி அவசியம் என்றால் முதலில் அனுமதி, பிறகு வேலை.

தொட்டியின் கொள்ளளவை நாமே கணக்கிடலாம். ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் போட்டுவிடும். பெட்டி வடிவத் தொட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 90க்கு 45க்கு 50 என்றால் 202 லிட்டருக்குச் சற்று மேல். உருளைத் தொட்டிக்கு ஆரத்தை ஆரத்தாலும், பிறகு 3.14ஆலும், நீளத்தாலும் பெருக்குகிறோம். 28 சென்டிமீட்டர் ஆரமும் 80 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 197 லிட்டர் கொள்ளும். இதில் முழு அளவும் நிரப்புவதற்கு உரியதன்று. டீசல் சூட்டில் விரியும். காலையில் 200 லிட்டர் குளிர்ந்த டீசல் நிரப்பி, நண்பகலில் 20 பாகை கூடினால், மூன்று லிட்டருக்கு மேல் பெருகும். அமெரிக்காவின் லோரி விதிகள், கொள்ளளவில் 95 விழுக்காட்டுக்குமேல் நிரம்பாதபடி தொட்டியை அமைக்கச் சொல்கின்றன. பக்கவாட்டில் தொங்கும் தொட்டிக்கு அதே விதிகளில் இன்னொரு சோதனையும் உண்டு. நிறைந்த தொட்டியின் எடைக்கு ஈடாக நீரை ஊற்றி, 30 அடி உயரத்திலிருந்து, அமுங்காத கெட்டியான தரையில் ஒரு மூலை படும்படி போடுவார்கள். அதன்பிறகும் மிகச் சிறிதளவே கசியலாம். மூலைக்கடையில் தகட்டை மடித்து ஒட்டிய தொட்டி அந்தச் சோதனைக்கு நிற்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும். முன்பு லயத்தில் பொதுக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தவர்கள், தளும்பாமலிருக்க மேலே ஓர் இலையைப் போட்டுக்கொள்வார்கள். இருநூறு லிட்டர் டீசல் ஏறக்குறைய 168 கிலோ எடை. பிரேக் போடும்போது அவ்வளவும் ஒரே அலையாய் முன்னால் ஓடி மோதினால் தொட்டியின் ஒட்டு விடும், தாங்கும் சட்டம் வெடிக்கும். ஓட்டையிட்ட தடுப்புத் தகடுகள் அந்த அலையை உடைக்கின்றன.

எந்த உலோகம் நல்லது? சாதாரண இரும்புத் தகடு மலிவு. அடிபட்டாலும் கிழியாமல் நசுங்கும். துருதான் அதன் பகை. அலுமினியம், இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இரும்பைப்போல் துருப்பிடிக்காது. ஆனால் இரும்புப் பட்டை நேராக அதன்மேல் உரசினால், ஈரத்தில் இரு உலோகங்களுக்கிடையே மின் அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் கரையும். இடையில் ரப்பர் பட்டை கட்டாயம் வேண்டும். துருப்பிடிக்காத எஃகு விலை அதிகம். தேர்ந்த கை வெல்டிங் செய்யாவிட்டால் ஒட்டில் வெடிக்கும். செம்மண் சாலையிலும் மரக்கட்டைகளுக்கு நடுவிலும் ஓடும் லோரிக்கு, தடித்த இரும்புத் தகட்டில் நன்றாகச் செய்த தொட்டியே போதும் என்போம். வேண்டவே வேண்டாதது, வீட்டுக் கூரைக்குப் போடும் வகையான ஜிங்க் பூசிய தகடு. துத்தநாகம் டீசலிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து பிசுபிசுப்பான கழிவை உண்டாக்கி ஃபில்டரை அடைக்கும். செம்புக் குழாயும் பித்தளை இணைப்பும் பயோடீசலை விரைவில் கெடுக்கும்; அவற்றையும் தவிர்க்கலாம்.

குழாயைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேடிக்கை. தலைமுறை தலைமுறையாக நாம் பால் எடுத்த மரத்தின் ரப்பர், இதற்கு உதவாது. இயற்கை ரப்பர் டீசலில் ஊறினால் உப்பி, மெத்தென்றாகிப் பிய்ந்துபோகும். ஆகவே டீசல் குழாய்கள் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. நம் ரப்பரை வேதி முறையில் மாற்றி எண்ணெயைத் தாங்கச் செய்யும் வகையையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் கடையில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வெட்டிக் கொடுத்தால் அது அந்த வகை அல்ல. குழாயின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து, டீசலுக்கும் பயோடீசலுக்கும் உரியதையே வாங்குங்கள். தொட்டியை மாற்றிவிட்டுப் பழைய, காய்ந்து வெடித்த குழாயையே திரும்ப மாட்டுவது வீண் சிக்கனம்.

புதுத் தொட்டிக்குப் பணம் போதாதவர்கள், பழைய லோரிகளைக் கழற்றி விற்கும் கடைக்குப் போவார்கள். அதில் தவறில்லை. கையோடு ஒரு டார்ச் விளக்கும் திருப்புளியும் கொண்டுபோங்கள். வாய் வழியாக விளக்கடித்து அடித்தகட்டைப் பாருங்கள். தீக்குச்சியோ லைட்டரோ வேண்டாம். பட்டை இருந்த இடங்களிலும் அடியிலும் திருப்புளியால் அழுத்தினால் தகடு அமுங்கக் கூடாது. ஏற்கெனவே வெல்டிங் வைத்த தழும்பு இருந்தால் விட்டுவிடலாம். அளவு காட்டும் மிதவைக்கான துளை நம் லோரியின் மிதவைக்குப் பொருந்துகிறதா, தொட்டியின் ஆழம் மிதவைத் தண்டின் நீளத்துக்கு ஏற்றதா என்பதைப் பார்க்க மறப்பவர்கள் அதிகம். வேறு லோரியின் மிதவையைப் போட்டால் மின்தடை அளவு வேறுபட்டு, காலியாகும்போது ‘பாதி’ என்று முள் காட்டும். உருளைத் தொட்டியில் இன்னொரு மயக்கமும் உண்டு: உயரத்தில் கால் பங்கு டீசல் நின்றால், உள்ளே இருப்பது கால் பங்கல்ல, ஐந்தில் ஒரு பங்குதான். இருபது இருபது லிட்டராக ஊற்றி, ஒரு மரக்குச்சியில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் முள்ளை நம்ப வேண்டியதில்லை. இரவில் யாராவது டீசலை உறிஞ்சியிருந்தாலும் அந்தக் குச்சி சொல்லிவிடும்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். லோரியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். மிச்ச டீசலைச் சுத்தமான டிரம்மில் வடித்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று துணி கட்டி அடையாளம் வைப்பது நல்லது; எஞ்சினுக்குப் போகும் குழாயும் அங்கிருந்து மிச்ச டீசல் திரும்பிவரும் குழாயும் இடம் மாறிவிட்டால் எஞ்சின் ஓடாது. உறிஞ்சும் குழாயின் நுனி தொட்டியின் அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். அடியோடு ஒட்டினால் நீரையும் துருவையும் முதலில் குடிக்கும். திரும்பிவரும் டீசல் சூடாகவும் நுரையோடும் இருக்கும். அது உறிஞ்சும் குழாயின் பக்கத்திலேயே விழக் கூடாது. காற்றுத் துளை மிக முக்கியம். அது அடைந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறி நிற்கும். பம்பைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, நூற்றுக்கணக்கில் செலவழித்த பிறகு, குளவி கூடு கட்டிய காற்றுத் துளைதான் காரணம் என்று தெரியவருவதுண்டு.

தொட்டியைத் தாங்கும் சட்டத்தை சேசிஸோடு வெல்டிங் செய்யாதீர்கள். சேசிஸின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளை போடவும் கூடாது; பாரத்தின் இழுப்பும் அழுத்தமும் மிகுந்த இடம் அதுதான், துளையிலிருந்து வெடிப்பு ஓடும். நடுப்பகுதியில் ஏற்கெனவே உள்ள துளைகளில் உறுதிமிக்க போல்ட் போட்டு மாட்டுவதே முறை. புகைக்குழாயிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிவைத்து, இடம் போதாவிட்டால் நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள். தொட்டியின் அடிப்பாகம் அளவுக்கு மீறித் தாழ்ந்து தொங்கினால், தோட்டத்துப் பாதையில் முதல் மரக்கட்டையே அதைக் கிழித்துவிடும். பட்டைக்கும் தொட்டிக்கும் இடையிலான ரப்பரை, நீர் தேங்காதபடி வைக்க வேண்டும்.

ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, முதலில் கால் தொட்டி டீசல் மட்டும் ஊற்றுங்கள். கைப்பம்பை அடித்து, ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை எடுத்தபிறகே எஞ்சினை முடுக்க வேண்டும். அன்றிரவு தொட்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் கறை இல்லையென்றால் நிரப்பலாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டை நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். புது ரப்பர் அமுங்கிப் பட்டை தளர்ந்திருக்கும். சில வாரங்களில் ஃபில்டரை இன்னொரு முறை மாற்றிவிடலாம். அதன்பிறகு மாலையில் தொட்டியை நிரப்பி நிறுத்துவதும், வாரம் ஒருமுறை காலையில் எஞ்சினை முடுக்குமுன் அடித்திருகைத் தளர்த்தி நீரை வடிப்பதும் போதும். வீட்டில் டிரம்மில் டீசல் வைத்திருப்பவர்கள் அதை நிமிர்த்தி மழையில் விடாதீர்கள். மேல்தகட்டில் தேங்கும் நீரை, குளிரும் டிரம் மூடி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கழற்றிய பழைய தொட்டி வீட்டுக்குப் பின்னால் கிடக்கும். அதை இரண்டாகப் பிளந்து ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்யலாம் என்று ஒருவர் சொல்வார். இறைச்சி சுடும் அடுப்பு செய்யலாம் என்று இன்னொருவர் சொல்வார். பிளப்பதற்கு நெருப்புத்தான் வரும். பழைய இரும்புக் கடைக்கே போட்டுவிடுங்கள். போடும்போது இது டீசல் தொட்டி என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அங்கேயும் ஒருவர் அதைச் சுடரால்தான் வெட்டப் போகிறார்.